முதல் பாகம், முதல் கண்மாய்

ஒரு ஃபேண்டஸி நாவல் எழுத ஆரம்பித்திருக்கிறேன். ஒன்று இல்லை, தொடர். மூன்று பாகம். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் செகண்ட் ரிவ்யூவை வைத்துக்கொண்டு இதெல்லாம் தேவையா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. கேட்டுவிட்டு மேலே படியுங்கள். லேப்டாப்புக்குள் ஒரு மேப்பையும் நாலு ராஜ வம்சத்தையும் ஒளித்து வைத்திருக்கிற ஆள் நம் காலேஜில் நான் ஒருத்தி மட்டும் இல்லை. எங்கள் ஹாஸ்டல் ஃப்ளோரிலேயே மூன்று பேர். அதில் ஒருத்தியிடம் நாற்பது பக்கத்துக்கு உலக வரலாறு இருக்கிறது, நாணயத்தின் பெயர் வரைக்கும். முதல் அத்தியாயம் மட்டும் இல்லை.

நான் சொல்ல வந்தது அந்த முதல் அத்தியாயத்தைப் பற்றித்தான். அதாவது ரஃப் ட்ராஃப்ட்.

பெரிய ஆட்கள் எப்படி ஆரம்பித்தார்கள் என்று தேடிப் பார்க்காமல் யாரும் ஆரம்பிப்பதில்லை. நானும் பார்த்தேன். டோல்கீன் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தபோது எவனோ ஒரு புண்ணியவான் ஒரு பக்கத்தைக் காலியாக விட்டிருந்தான். அதில்தான் 'தி ஹாபிட்'டின் முதல் வரியை எழுதினார். (நம் செமஸ்டர் பேப்பரிலும் நிறையக் காலிப் பக்கம் இருக்கிறது. பார்ப்போம்.) அது 1937-இல் புத்தகமாக வந்தது. அந்த வருஷக் கடைசியில் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுத உட்கார்ந்தார். அது வெளிவரும்போது 1954. ஜார்ஜ் மார்ட்டின் முதல் பாகத்தை 1996-லும் ஐந்தாவதை 2011-லும் கொடுத்தார். ஆறாவதற்கு உலகமே காத்திருக்கிறது.

தமிழில் கதையே வேறு. கல்கி 'பொன்னியின் செல்வ'னை 1950-இல் தன் பத்திரிகையில் தொடங்கி 1954 வரை வாராவாரம் எழுதினார். ஜெயமோகன் 'வெண்முர'சை 2014 ஜனவரி 1 அன்று ஆரம்பித்து, தினமும் ஒரு அத்தியாயம் என்று தன் தளத்தில் போட்டு, 2020-இல் முடித்தார். 26 நாவல்கள். அங்கே பதினேழு வருஷம் மேஜையில் வைத்துத் திருத்துகிறார்கள். இங்கே நாளைக்கு வாசகர் கையில் இருக்க வேண்டும் என்று எழுதுகிறார்கள். எனக்கு இரண்டும் சரிப்படாது. ஜூலையில் வேலையில் சேரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் முதல் பாகத்தின் ட்ராஃப்ட், அது எவ்வளவு கரடுமுரடாக இருந்தாலும், முடிந்திருக்க வேண்டும். ஒரு நாளைக்கு முந்நூறு வார்த்தை. எழுதினதைத் திரும்பப் படிக்கக் கூடாது. இவ்வளவுதான் சட்டம்.

பிரச்சினை வேகத்தில் இல்லை. ஊரில்.

ஃபேண்டஸி என்றதும் உங்கள் மனசில் என்ன வருகிறது? எனக்குச் சொல்லத் தெரியும், ஏனென்றால் நாம் எல்லோரும் படித்தது அதே புத்தகங்கள்தான். பனி. பைன் மரக் காடு. கல் கோட்டை, கணப்பு அடுப்பு, அதில் ஒரு பாத்திரத்தில் கொதிக்கிற ஏதோ ஒரு சூப். எங்கள் ஊர் அருப்புக்கோட்டை. அப்பத்தா ஊர் திருச்சுழிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். எங்கள் பக்கம் 'பனி' என்றால் மார்கழி விடியற்காலையில் மல்லிச் செடி மேல் உட்கார்ந்திருப்பது. வெயில் ஏறினால் போய்விடும். காடு என்றால் சீமைக்கருவேலம், அல்லது மிளகாயும் உளுந்தும் போட்டிருக்கிற மானாவாரிக் கரிசல். எங்களவர்கள் 'காட்டுக்குப் போறேன்' என்றால் களை வெட்டப் போகிறார்கள் என்று அர்த்தம். டிராகன் இறங்கினால் கருவேல முள் குத்தும்.

ஆனால் கொஞ்சம் உட்கார்ந்து யோசித்தால், அசலான ஃபேண்டஸிக்கு இந்த நிலத்தை விடப் பொருத்தமான இடம் குறைவு. சிலப்பதிகாரத்தில் இளங்கோ, முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தங்கள் இயல்பு திரிந்து பாலை என்று ஆகும் என்கிறார். ஸ்கூலில் இதை ஐந்து மார்க் கேள்வியாகப் படித்திருப்போம். இப்போது படித்தால் திக்கென்கிறது. அவர் கணக்கில் பாலை தனியாக ஒரு நிலமே இல்லை. இன்னொரு நிலத்துக்கு நடந்துவிட்ட ஒன்று. ஒரு நாவலுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? இந்த நிலத்துக்கு என்ன நடந்தது, யார் செய்தது, திரும்ப வருமா?

அடுத்து, திருச்சுழி. பெயரைக் கேட்டதும் பாதிப் பேருக்கு 1879-இல் அங்கே பிறந்த ரமண மகரிஷி ஞாபகம் வரும். நான் அந்தப் பெயரிலேயே நிற்கிறேன். திருமேனிநாதர் கோயில் தலபுராணம் சொல்லும் கதை இது: பிரளயம் வந்து வெள்ளம் உலகத்தை மூடப் போன நேரத்தில், சிவன் சூலத்தால் பூமியில் குத்தினார். வெள்ளம் முழுவதும் சுழித்துக்கொண்டு அந்தத் துளைக்குள் இறங்கிவிட்டது. அதனால்தான் ஊருக்குச் சுழி என்று பெயர்.

இப்போது ஊரைச் சுற்றிப் பாருங்கள். பக்கத்தில் ஓடுவது குண்டாறு. ஓடுவது என்பது மரியாதைக்குச் சொல்வது. மழைக்கு மட்டும் ஓடும், மற்ற நாளில் மணலும் கருவேலமும். ஒரு பிரளயத்தையே குடித்ததாகச் சொல்லப்படும் ஊர், வருஷத்தில் பாதி நாள் குடத்தோடு லாரிக்குக் காத்திருக்கிறது. சின்ன வயசில் அப்பத்தா இந்தக் கதையைச் சொன்னபோது நான் கேட்டது ஒரே கேள்விதான்: "அப்ப அந்தத் தண்ணியெல்லாம் இப்ப எங்க இருக்கு?" அப்பத்தாவுக்கு அன்றைக்குப் பதில் இல்லை. என் நாவல் அந்தக் கேள்விதான்.

என் கதையில் அந்தத் தண்ணி இன்னும் கீழேதான் இருக்கிறது. சிலருக்கு மட்டும் அதைக் கூப்பிடத் தெரியும். இங்கேதான் சிவில் படித்தது கை கொடுக்கிறது. ஹைட்ராலஜியில் முதல் வாரம் சொல்லிக் கொடுப்பார்களே: உள்ளே வந்ததில் வெளியே போனதைக் கழித்தால், மிச்சம் தேங்கி நிற்பது. தண்ணி புதிதாகப் பிறப்பதில்லை. அதையே மந்திரத்துக்கும் சட்டமாக வைத்தேன். ஒரு ஊரில் ஒரு குடம் மேலே வந்தால், இன்னொரு ஊர்க் கிணற்றில் ஒரு குடம் இறங்கும். கூப்பிடுகிறவனுக்கு அந்த இன்னொரு ஊர் எது என்று தெரியாது.

இதை ஃப்ரெண்டிடம் சொன்னதும் "டியூன் மாதிரி இருக்கே" என்றாள். நியாயமான சந்தேகம். ஃப்ராங்க் ஹெர்பர்ட் அமெரிக்காவில் ஆரிகன் கடற்கரை மணல் மேடுகளைப் பற்றிக் கட்டுரை எழுதப் போனார். கட்டுரை வரவில்லை, 1965-இல் நாவல் வந்தது. தண்ணியை வைத்து ஒரு கிரகத்தையே கட்டலாம் என்று காட்டியவர் அவர். ஆனால் அவருடைய பாலையில் மழையே கிடையாது. எங்கள் ஊரில் மழை உண்டு. ஐப்பசி கார்த்திகையில் நாலு நாள் கொட்டும், ரோட்டை அறுத்துக்கொண்டு போகும், கடலுக்குப் போய்விடும். எங்கள் கேள்வி தண்ணி இருக்கிறதா என்பது இல்லை. வருகிற நாலு நாளில் யார் பிடித்து வைக்கிறார்கள், பிடித்ததை யாருக்கு முதலில் விடுகிறார்கள் என்பதுதான். அரசியல் உள்ள மந்திரம் இது. டியூன் வேறு, கண்மாய் வேறு என்று அவளிடம் சொன்னேன். சொன்னபோது கொஞ்சம் கெத்தாகத்தான் இருந்தது.

கண்மாயைப் பார்த்து வளராதவர்களுக்கு: பிறை மாதிரி வளைந்த ஒரு மண்கரை. வரத்துக்கால் வழியாக மழைத்தண்ணி உள்ளே வரும். மடை வழியாக வயலுக்குப் போகும். நிறைந்துவிட்டால் கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்து அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகும். அது நிறைந்தால் அதற்கடுத்தது. இப்படிச் சங்கிலியாக. இதில் பழைய காலத்து மடை ஒன்று உண்டு, குமிழித் தூம்பு என்பார்கள். கரையில் இல்லாமல், கண்மாய்க்குள்ளேயே தண்ணிக்கு நடுவில் இரண்டு கல்தூண் நிற்கும். அடியில் ஒரு கல் தொட்டி, அதன் மேல்மூடியில் ஒரு துளை, துளையை அடைத்து ஒரு கட்டை. அதைத் திறக்க ஒரே வழி, ஒரு ஆள் முங்கிப் போவது. தண்ணி இழுக்கிற இழுப்பில் கட்டையை எடுத்துவிட்டு மேலே வர வேண்டும். வந்தால் வந்தது.

தமிழில் அதிகம் படிக்கப்பட்ட தொடர்கதையும் ஒரு ஏரிக்கரையில்தான் தொடங்குகிறது என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். ஆடிப் பதினெட்டு அன்று வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரை மேல் குதிரையில் போகிறான். ஏரிக்கு எழுபத்து நாலு கணவாய் என்று கல்கி எண்ணிக்கையே கொடுத்துவிடுகிறார். சிவில்காரர்கள் காலரைத் தூக்கிக்கொள்ளலாம். ஆனால் வந்தியத்தேவன் கரை மேல் போகிறவன். எனக்கு முங்குகிற ஆள் வேண்டும்.

ஏனென்றால் எங்கள் வீட்டில் ஒருவர் இருந்தார். தாத்தாவுடைய அண்ணன், பெரிய தாத்தா. அவர் ஊர்க் கண்மாய்க்கு நீர்ப்பாய்ச்சி. எந்த வயலுக்கு எத்தனை நாழிகை, எந்த வருஷம் கடைமடைக்காரனுக்கு முதல் தண்ணி விட்டார்கள், எல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. மடை மாட்டிக்கொண்டால் முங்குவதும் அவர்தான். எங்களுக்கு அந்தக் கண்மாயில் சொந்தமாக ஒரு குழி வயல்கூடக் கிடையாது. அறுவடைக்குக் கூலியாக நெல் கொடுப்பார்கள், களத்துக்கு வெளியே நின்று வாங்கிக்கொள்ள வேண்டும். சாத்தூர் பக்கம் எருக்கங்குடியில் பாண்டியர் காலக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது, 9-ஆம் நூற்றாண்டு. எட்டி சாத்தன் என்ற இருப்பைக்குடி கிழவன் வெட்டின ஏரிகளைப் புகழ்கிற கல்வெட்டு. ஏரி வெட்டினவனைப் பாட்டில் புகழ்வது எவ்வளவு நாகரிகம் என்று அப்பத்தாவிடம் உணர்ச்சிவசப்பட்டுச் சொன்னேன். அப்பத்தா வெற்றிலையை மென்றுகொண்டே, "முங்குனவன் பேரு அதுல இருக்கா தாயி?" என்றார்.

அங்கேதான் என் கதாநாயகி பிறந்தாள். முங்குகிற குடும்பத்துப் பெண். தண்ணியைக் கூப்பிடத் தெரிந்தவள். கூப்பிடும் ஒவ்வொரு முறையும் அவளுக்கு ஒரு விலை உண்டு. வயல்காரர்களுக்கு ஒன்றும் ஆகாது. அந்த விலை என்ன என்பதற்கு அப்புறம் வருகிறேன்.

எழுத ஆரம்பித்த மூன்றாவது நாள் ஒரு முட்டுக்கட்டை. கரை மேல் ஒரு காவல் தெய்வம் வேண்டும் என்று கதை கேட்டது. இங்கிலீஷ்காரர்களுக்கு இதில் கஷ்டமே இல்லை. ஓடின், தோர் என்று யாரை வேண்டுமானாலும் எடுத்து, சுத்தியலைக் கொடுத்து, ஜோக் அடிக்க விடுவார்கள். எங்கள் கண்மாய்க் கரையில் இருக்கிற கருப்பசாமிக்குப் போன ஆடிக்குத்தான் கிடா வெட்டினோம். என் காதுகுத்துக்கு மொட்டை போட்டது அங்கேதான். அவரை ஒரு கேரக்டராக வைத்து நாலு வசனம் கொடுக்கலாமா? அப்பத்தாவிடம் அனுமதி மாதிரிக் கேட்டேன்.

"அது சாமித்தா. கதையில்ல."

"கதையில சாமி வரக் கூடாதா அப்பத்தா?"

"வரட்டும். ஓம் பேச்சக் கேட்டு ஆடக் கூடாது."

இதைவிடத் தெளிவான எடிட்டோரியல் அட்வைஸ் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை. கும்பிடுகிற எந்தச் சாமி பேரும் என் புத்தகத்தில் வராது என்று முடிவு பண்ணினேன். கரையில் ஒரு இடம் இருக்கும், அதற்குப் பேர் கிடையாது. அங்கே யாரும் செருப்போடு போக மாட்டார்கள். அது ஒருபோதும் பேசாது, கதாநாயகிக்கு உதவி செய்யாது. ஆச்சரியம் என்னவென்றால், எழுதிப் பார்த்தபோது அந்த அத்தியாயத்திலேயே பயமாக இருந்த இடம் அதுதான்.

இப்போது மொழி. இதில்தான் ரொம்ப நேரம் போகிறது.

நான் படித்தது இங்கிலீஷ் மீடியம். எல்.கே.ஜி.யில் இருந்து. தமிழ் ஒரு பாடம், அவ்வளவுதான். அதையும் க்ளாஸ் டீச்சர் மேத்ஸ் ஸ்பெஷல் க்ளாஸுக்கு எடுத்துக்கொள்வார். நான் படித்த எல்லா ஃபேண்டஸியும் இங்கிலீஷ். அதனால் என் மண்டைக்குள் ஒரு சண்டைக் காட்சி ஓடினால் இங்கிலீஷில் ஓடும். ஒரு சாவு வீடு ஓடினால் தமிழில் ஓடும். நீங்களும் இப்படித்தானா? யோசித்துப் பாருங்கள். தொடரை இங்கிலீஷில் எழுதினால் விற்கும் என்று அண்ணன் சொல்கிறான். இருக்கலாம். ஆனால் மடையை 'ஸ்லூயிஸ்' என்று போட்ட நிமிஷம் அது பி.டபிள்யூ.டி. டெண்டர் மாதிரி ஆகிவிடுகிறது. அதில் முங்கி யாரும் சாக மாட்டார்கள்.

அதே சமயம் தமிழில் எழுதினாலும் 'மாஜிக்' என்பதற்கு என்ன போடுவது? மந்திரம் என்றால் ஐயர் வருகிறார். மாந்திரீகம் என்றால் எலுமிச்சம்பழம் வருகிறது. மாயம் என்றால் விட்டலாச்சார்யா படம். செய்வினை என்று சொன்னால் அப்பத்தா எழுந்து போய்விடுவார். கடைசியில், ஊரில் சொல்வது போலவே வைத்துவிட்டேன். கிணறு தோண்ட நீரோட்டம் பார்க்கிற ஆளை எங்கள் பக்கம் என்ன சொல்வார்கள்? 'அவருக்குத் தண்ணி தெரியும்.' அவ்வளவுதான். என் கதையிலும் அவளுக்குத் தண்ணி தெரியும். தனிப் பெயர் தேவைப்படவில்லை.

வர்ணனையை எழுத்துத் தமிழிலும் பேச்சைப் பேச்சுத் தமிழிலும் வைத்திருக்கிறேன், இந்தக் கட்டுரை மாதிரியே. ராஜாக்கள் மட்டும் சுத்தத் தமிழில் பேச வேண்டுமா என்று ஒரு நாள் முழுக்கக் குழம்பினேன். பேச மாட்டார்கள். எங்கள் பக்கத்து ஜமீன் பரம்பரைக்காரர் ஒருவரைக் கல்யாண வீட்டில் பார்த்திருக்கிறேன், அவரும் "என்னடா, சாப்டியா" என்றுதான் கேட்டார்.

ஃபோன் கீபோர்டு தன் பங்குக்கு 'கண்மாய்' என்று அடித்தால் 'கண்மணி' என்று மாற்றுகிறது. முதல் அத்தியாயத்தில் வெள்ளம் வந்து ஊர்க் கண்மணி உடைந்துவிட்டாள்.

இதற்கும் கி. ராஜநாராயணன்தான் வழி காட்டினார். இடைசெவல்காரர், எங்கள் கரிசலின் கோவில்பட்டிப் பக்கம். 1982-இல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி என்று ஒன்றைக் கொண்டு வந்தார். ஒரு எழுத்தாளர் கதைகளோடு நிற்காமல் அகராதியும் போட வேண்டியிருக்கிறது என்றால், சொற்கள் போய்க்கொண்டிருப்பது அவருக்கு அப்போதே கண்ணில் பட்டிருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது எப்படி நடந்தது என்று எனக்குத் தெரியும். பெரிய தாத்தா தவறினார். அதற்கு அப்புறம் கண்மாய் நிறைந்த வருஷங்கள் குறைவு, முறை வைத்துத் தண்ணி விடுவது நின்றது. முறை நின்றதும் அது சம்பந்தமான சொல் யாருக்கும் தேவைப்படவில்லை. அப்பாவுக்குப் பாதி தெரியும். எனக்குக் கால்வாசி. தம்பி, கலுங்கைப் பார்த்து "அந்த செக் டேம் மாதிரி இருக்குமே, அது" என்கிறான். அவனைக் குறை சொல்ல முடியாது, அது மறுகால் பாய்ந்து அவன் பார்த்தது இரண்டே முறை.

கதாநாயகி கொடுக்கிற விலை இதுதான். தண்ணியை ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் அவள் நாக்கில் இருந்து ஒரு சொல் போய்விடும். எந்தச் சொல் என்று அவளுக்குத் தெரியாது. தேவைப்படும்போதுதான் காணாமல் போனது தெரியும். நாலாவது அத்தியாயத்தில், வெள்ளத்தில் நின்றுகொண்டு "மடையைத் திற" என்று கத்த வேண்டிய இடத்தில் அவளுக்கு 'மடை' வரவில்லை. "அந்த... ஓட்ட... அதத் தொற" என்கிறாள். எந்த ஓட்டை என்று கரையில் நிற்கிறவனுக்குப் புரியவில்லை. முதல் பாகத்தின் முதல் சாவு அங்கே விழுகிறது. அதை எழுதின ராத்திரி மெஸ்ஸுக்குப் போகவில்லை.

தொடராக எழுத நினைக்கிறவர்களுக்கு ஒரு சின்ன விஷயம். நம்மில் பலர் முதல் பாகத்தை இரண்டாவது பாகத்துக்கு டிரெய்லராக வைத்துவிடுகிறோம். எல்லா ரகசியத்தையும் பின்னால் வைத்துக்கொண்டு, முதல் பாகத்தில் ஆட்கள் நடந்துகொண்டே இருப்பார்கள். நான் கண்மாய்ச் சங்கிலியை மாடலாக வைத்திருக்கிறேன். மேல்கண்மாய் தன் வயலுக்குத் தண்ணி கொடுத்து, தான் நிறைந்து, அதற்கு மேல் வழிகிறதைத்தான் கீழ்க்கண்மாய்க்கு அனுப்பும். பாதிக் கண்மாயில் மறுகால் பாயாது. அதனால் முதல் பாகத்தில் ஒரு ஊர், ஒரு கண்மாய், ஒரு மழைக்காலம். அதிலேயே ஒரு வெள்ளாமை முடிந்துவிட வேண்டும். குண்டாற்றங்கரைப் பள்ளிமடத்தில் ஒரு பாண்டிய அரசனின் பள்ளிப்படைக் கோயில் இருக்கிறது, அதாவது இறந்த ராஜாவின் மேல் எழுப்பின கோயில். அந்த மாதிரி ஒரு இடத்தைக் கதைக்குள் இழுக்கக் கை அரிக்கிறது. இழுக்கவில்லை. அது இரண்டாவது கண்மாய்.

எங்கள் ஊரில் ஏற்கெனவே ஓடுகிற பெரிய தொடர் ஒன்று உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்: காவிரி - வைகை - குண்டாறு இணைப்பு. 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள், மாயனூரில் இருந்து 260 கிலோமீட்டருக்கு மேல் கால்வாய். அப்பாவுக்கு அதில் நம்பிக்கை. அப்பத்தாவுக்கு, வரும்போது பார்த்துக்கொள்ளலாம். மூன்றாவது பாகத்தில் தூர தேசத்து ஆறு ஒன்றைக் கொண்டுவருகிறேன் என்று ஒரு ராஜா வாக்குக் கொடுப்பான். வருமா இல்லையா என்று நானே இன்னும் முடிவு செய்யவில்லை.

இதுவரை பதினோராயிரம் வார்த்தை ஆகியிருக்கிறது. எழுதும்போது சொல் கிடைக்காவிட்டால் நிற்பதில்லை. ஒரு நட்சத்திரக் குறி போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறேன். ரஃப் ட்ராஃப்ட் என்பதற்கு அதுதான் அர்த்தம் என்று வைத்துக்கொண்டேன். நேற்று எண்ணினேன், அறுபத்து மூன்று நட்சத்திரம். ஞாயிற்றுக்கிழமை அப்பத்தாவுக்கு ஃபோன் போட்டு அதில் பதினெட்டை நிரப்பினேன். நடுவில் "என்னத்துக்குத்தா இதெல்லாம் இப்ப?" என்றார். பரீட்சைக்கு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

மிச்சத்துக்கு நீங்கள்தான் உதவ வேண்டும். ராமநாதபுரம், சிவகங்கை, மதுரை, தூத்துக்குடிப் பக்கத்துப் பிள்ளைகள் இங்கே நிறைய இருக்கிறீர்கள். குமிழித் துளையை அடைக்கிற அந்தக் கட்டைக்கு உங்கள் ஊரில் என்ன பேர்? கண்மாய் வற்றும்போது கடைசியாக நடுவில் தேங்கி நிற்கிற தண்ணிக்கு? கரிசல் வெடிப்புக்குள் முதல் மழை இறங்கும்போது ஒரு சத்தம் வருமே, அதற்கு? இந்த லீவில் ஊருக்குப் போனால் வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு, எடிட்டோரியல் டீமிடம் கொடுத்துவிடுங்கள். சொன்னவர் பேரையும் ஊரையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள், புத்தகத்தில் போட வேண்டும்.